சட்டத்தின் சொல்லும் சொல்லின் எல்லையும்

நூலொன்றைத் திறனாயப் புகுவோர்க்குப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே ஓர் அளவுகோலைத் தந்து சென்றிருக்கிறார். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்து, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என அவற்றுக்குப் பெயரும் சூட்டியிருக்கிறார். காவியத்தையும் கட்டுரையையும் இவ்வளவுகோலால் அளந்து பழகிய நாம், நாட்டின் சட்டங்களை மட்டும் இவ்வாறு அளந்து பார்ப்பதில்லை. அது வழக்கறிஞர் பாடு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சட்டமும் சொற்களால் ஆன நூலே. கவிதையில் ஒரு சொல் மயங்கினால் சுவை குன்றும். சட்டத்தில் ஒரு சொல் மயங்கினால், ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை இரவோடிரவாகக் காவல் நிலையத்தின் படியேற நேரிடும்.

ஆகவே இம்முறை நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது இணையத்தைக் காக்கப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சட்டப் பிரிவு. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ என்பது அதன் பெயர். 2015-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி நீக்கிவிட்டது. நீங்கிய ஒன்றைப் பற்றி இன்று பேசுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். பிரிவு நீங்கிற்று, அதன் சொற்கள் நீங்கவில்லை. வேறு சட்டங்களிலும், வேறு விதிகளிலும், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் அவை மீண்டும் மீண்டும் தலைகாட்டி வருகின்றன. அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும் பயிற்சி நம் குடும்பங்களுக்கு இன்றியமையாதது என்பதே நம் கருத்து.

பிறந்த கதை

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மின்னணு ஆவணங்களுக்கும் மின்னணு வாணிபத்துக்கும் சட்ட ஏற்பு வழங்குவது அதன் முதல் நோக்கம். அதனை விரிவாக்கும் திருத்த மசோதா 2008 டிசம்பர் 22-ஆம் நாள் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மும்பை மாநகரைப் பயங்கரவாதிகள் தாக்கி ஒரு மாதமும் ஆகாத காலம் அது. நாடே கலங்கியிருந்த அவ்வேளையில், மக்களவையில் விவாதமின்றியே அம்மசோதா கரையேறிற்று. 2009 அக்டோபர் 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தம் முழுவதையும் பழிப்பது நடுநிலையாகாது. 66-ஏ பிரிவின் அண்டை வீடுகளைப் பாருங்கள். பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது 66-சி பிரிவின்படி குற்றம். கணினியின் துணைகொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66-டி. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்புவது 66-இ. இவை ஒவ்வொன்றிலும் செய்தவன் யார், செய்த செயல் என்ன, அவன் கொண்ட நோக்கம் என்ன, இழந்தவர் யார் என்பன தெளிவாகப் புலப்படுகின்றன. வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைப் பறிகொடுத்த முதியவருக்கும், படம் திருடப்பட்ட பெண்ணுக்கும் இப்பிரிவுகளே துணை நிற்பவை. இணையப் பாதுகாப்பு என்ற பெயருக்குத் தகுதியுள்ள பகுதி இதுவே.

இவற்றுக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த 66-ஏ அப்படிப்பட்டதன்று. கணினியின் வழியாகவோ தொலைதொடர்புக் கருவியின் வழியாகவோ ‘மிகவும் புண்படுத்துகிற’ அல்லது ‘அச்சுறுத்தும் தன்மையுள்ள’ செய்தியை அனுப்புவது குற்றம் என்று அதன் முதற் கூறு சொல்லிற்று. பொய்யென அறிந்தும், எரிச்சல், தொல்லை, ஆபத்து, இடையூறு, அவமதிப்பு, ஊறு, மிரட்டல், பகை, வெறுப்பு, தீய எண்ணம் ஆகியவற்றை விளைக்கும் பொருட்டு விடாது அனுப்புவது குற்றம் என்றது இரண்டாம் கூறு. எரிச்சலோ தொல்லையோ தரும்படி மின்னஞ்சல் அனுப்புவதும், அதன் பிறப்பிடத்தை மறைத்து ஏமாற்றுவதும் குற்றம் என்றது மூன்றாம் கூறு. எல்லாவற்றுக்கும் தண்டனை ஒன்றே. மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரமும் காவல்துறைக்கு வாய்த்தது.

சொல்லாய்வு

இனி நன்னூலாரின் அளவுகோலை எடுப்போம். இரண்டாம் கூறில் அடுக்கப்பட்ட சொற்களில் மிரட்டலுக்குத் தண்டனைச் சட்டத்தில் வரையறை கண்ட பொருள் உண்டு. அதன் அருகிலேயே எரிச்சலும் தொல்லையும் சமமாக அமர்ந்திருக்கின்றன. ஒருவன் உயிருக்கு உலை வைப்பேன் என்று எழுதுவதும், நகராட்சி உறுப்பினருக்கு வாரந்தோறும் சாக்கடையைப் பற்றி முறையிட்டு எழுதுவதும் ஒரே தட்டில் நிறுக்கப்படும்போது, தராசு பழுது என்றுதானே கொள்ள வேண்டும்? சொல் தான் குறிக்க வேண்டிய பொருளைக் கடந்து, குறிக்கக்கூடாத பொருள்மேலும் பாய்வதைத் தருக்க நூலார் ‘அதிவியாத்தி’ என்பர். இப்பிரிவு அக்குற்றத்துக்கு வகுப்பறையில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு.

முதற் கூறிலோ குறை வேறு. ‘மிகவும் புண்படுத்துகிற’ என்றால் யாரைப் புண்படுத்துவது? பெற்றவரையா, படித்த மூன்றாமவரையா, படிக்காமலே கேள்விப்பட்டவரையா? எழுதியவர் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியிருக்க வேண்டுமா, வேண்டாவா? இவற்றுக்கு விடையில்லை. செயலுக்கு முன் நிய்யத்தைப் பார்க்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த பாடம். மூன்றாண்டுச் சிறைக்கு வழிவகுத்த சட்டம் தன் முதற் கூறில் அந்த நோக்கத்தைக் கேட்கவே மறந்திருந்தது. இது குன்றக் கூறல். ஒரே பிரிவுக்குள் ஒரு பக்கம் மிகை, மறுபக்கம் குறை!

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் வியப்பான செய்தி கிட்டுகிறது. பிரிட்டனில் 1935-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அஞ்சலகத் திருத்தச் சட்டமே இவற்றின் பாட்டன் வீடு. தொலைபேசி நிலையங்களில் இணைப்புத் தரும் பெண்களிடம் இழிமொழி பேசுவோரைத் தண்டிக்க எழுந்த சட்டம் அது. காதில் நேராக வந்து விழும் வசையிலிருந்து ஒரு பணிப்பெண்ணைக் காக்க வகுத்த சொற்கள், பல தலைமுறை கடந்து, கோடிக்கணக்கானோர் பொதுவெளியில் பேசும் இணையத்துக்குச் சட்டையாக மாட்டப்பட்டன. ஒருவருக்குத் தைத்த சட்டையை ஊருக்கே போர்த்த முனைந்தால் என்னாகும்?

பிறந்த நாட்டிலேயே இச்சொற்கள் நீதிபதிகளை மயங்க வைத்திருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் இனப்பகை மொழிகளைப் பேசிய ஒருவரின் வழக்கில், அவை ‘மிகவும் புண்படுத்துவன’ அல்ல என்று கீழ்நீதிமன்றம் கூறிற்று. உயர்நீதிமன்றமும் அதையே ஏற்றது. 2006-இல் பிரபுக்கள் சபை, புண்படுத்துவனவே என்று மாற்றிக் கூறிற்று. மற்றொருவர் 2010-இல் பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தைத் தகர்த்துவிடுவேன் என்று டுவிட்டரில் வேடிக்கையாக எழுதித் தண்டனை பெற்றார். மேல்முறையீடும் தோற்றது. 2012-இல் உயர்நீதிமன்றம் அது அச்சுறுத்தலே அன்று என்று விடுவித்தது. சட்டத்திலேயே தோய்ந்த அறிவினர், ஒரே செய்தியைப் படித்து எதிரெதிர் முடிவுக்கு வருவார்களாயின், அச்சொல்லுக்கு எல்லை இல்லை என்பது வெள்ளிடைமலை. நம் உச்சநீதிமன்றமும் இவ்விரு வழக்குகளையே சான்று காட்டி அவ்வாறு கூறிற்று.

விளைவு

எல்லையற்ற சொல் ஏட்டில் உறங்கும் வரை தீங்கில்லை. 2012-ஆம் ஆண்டில் அது விழித்துக்கொண்டது. அவ்வாண்டு ஏப்ரலில், மேற்கு வங்க முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் கைதானார். அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகக் கைதானார். நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு, பால்கர் ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். அதை விரும்புவதாக அவருடைய தோழி குறி இட்டார். இருவரையும் காவலர் கைது செய்தனர். எழுதிய பெண் ஒரு முஸ்லிம் குடும்பத்தவர். அவருடைய சிற்றப்பா முறையினரின் மருத்துவமனை ஒரு கும்பலால் அடித்து நொறுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளில் ஓர் ஒழுங்கைக் காணலாம். ‘புண்பட்டோர்’ பட்டியலில் முதலமைச்சர் இருந்தார். அமைச்சரின் குடும்பம் இருந்தது. வலிமை மிக்க ஒரு கட்சி இருந்தது. கைதானோர் பட்டியலில் ஆசிரியரும் சிறுதொழிலாளரும் மாணவப் பருவத்துப் பெண்களும் இருந்தனர். 2015 மார்ச்சில், உத்தரப்பிரதேச அமைச்சர் ஒருவர் கூறியதாக ஒரு கருத்தை ஃபேஸ்புக்கில் இட்டதற்காகப் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவரும் கைதாகிச் சிறை சென்றார். அகன்ற சொல் நடுவீதியில் கிடக்கும் தடியைப் போன்றது. அதை எடுக்கும் வலிமை யார் கைக்கு உண்டோ, அவர்க்கே அது உதவும்.

தீர்ப்பும் அதன் நுட்பமும்

பால்கர் கைதைக் கண்டு கொதித்த ஷ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் 2012-லேயே உச்சநீதிமன்றத்தை நாடினார். வேறு பல மனுக்களும் அதனோடு சேர்ந்தன. நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் 2015 மார்ச் 24-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். சட்டத் தீர்ப்பு என்பதைவிட, சொற்பொருள் ஆராய்ச்சியாகவே அதைப் படித்து மகிழலாம்.

கருத்தை எடுத்துரைத்தல், கருத்துக்காக வாதாடல், குற்றம் செய்யத் தூண்டுதல் என்னும் மூன்றையும் தீர்ப்பு வேறு வேறாகப் பிரித்தது. முன்னிரண்டும் எவ்வளவு கசந்தாலும் பேச்சுரிமையின் எல்லைக்குள் நிற்பவை. மூன்றாவதை எட்டும்போதுதான் அரசு தடுக்கலாம். அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த எட்டுக் காரணங்களை எண்ணித் தந்திருக்கிறது. எரிச்சலும் தொல்லையும் அவ்வெட்டில் இல்லை. பெண்விடுதலை, சாதி ஒழிப்பு போன்ற பொருள்களில் ஒருவர் கூறும் கருத்து, சமூகத்தின் சில பகுதியினரை மிகவும் புண்படுத்தக்கூடும். அதனாலேயே அது குற்றமாகிவிடுமா என்று நீதிமன்றம் கேட்டது. இப்பிரிவை நியாயமாகவே பயன்படுத்துவோம் என்று அரசுத் தரப்பு உறுதி கூறியபோது, அரசுகள் வரும், போகும், சட்டமோ நிற்கும். இன்றைய அரசின் வாக்குறுதி நாளைய அரசைக் கட்டாது என்று மறுத்தது. நல்லவர் கையில் இருக்கிறது என்பதற்காகக் கெட்ட சொல்லை ஏற்கலாகாது என்பதே இதன் பொருள்.

இச்சிந்தனை புதியதுமன்று, அதற்குச் சென்னையோடு உறவும் உண்டு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ்ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாதென்று சென்னை அரசு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தடை விதித்தது. ‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் சொல், சாலையில் வேகமாக வண்டி ஓட்டுவது முதல் நாட்டைக் கவிழ்ப்பது வரை எதையும் அணைத்துக்கொள்ளும் அளவுக்கு அகன்றது என்ற கருத்தில், 1950-இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. மறு ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதனோடு சேர்ந்தே வந்தது. அன்று முதல் இன்று வரை நடக்கும் போராட்டம் இவ்விரு சொற்களுக்கு இடையே நடப்பதே.

அடிக்குறிப்பில் ஒளிந்த தீர்ப்பு

நீக்கப்பட்ட பின்பும் 66-ஏ பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2021-இல் இதுபற்றி உச்சநீதிமன்றத்தில் முறையிடப்பட்டபோது, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருந்த செய்தி வெளியாயிற்று. நீதிபதிகளே அதிர்ச்சியடைந்தனர். எப்படி நேர்ந்தது என்பதற்கு அட்டர்னி ஜெனரல் தந்த விளக்கம், அச்சுத்தொழிலோடு உறவுடைய நம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிறது. சட்டப் புத்தகங்களில் அப்பிரிவு முழுமையாகவே அச்சிடப்பட்டிருந்தது. அது செல்லாது என்ற செய்தி அடிக்குறிப்பில் மட்டும் இருந்தது. அடிக்குறிப்பை எந்தக் காவல் ஆய்வாளர் படிப்பார்? 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம், இப்பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரக்கூடாதென்று மீண்டும் ஒருமுறை ஆணையிட வேண்டியதாயிற்று. ஜாதவ்பூர்ப் பேராசிரியரோ 2023 ஜனவரியில்தான் முழுமையாக விடுபட்டார். ஒரு கேலிச்சித்திரத்தின் விலை, ஏறத்தாழ பதினோராண்டு வழக்கு!

ஒரு கதவு அடைபட்டால் மற்றொன்று திறக்கிறது. 2017 நவம்பரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டி, ஆட்சியரையும் முதலமைச்சரையும் காவல் அதிகாரியையும் குறித்துக் கேலிச்சித்திரம் வரைந்து இணையத்தில் வெளியிட்ட ஓவியர் பாலா கைதானார். அப்போது 66-ஏ இல்லை; ஆபாசத்தைத் தடுக்கும் 67-ஆம் பிரிவு கைகொடுத்தது. 2023 ஏப்ரலில் வந்த விதித் திருத்தமோ, மத்திய அரசின் அலுவல்களைப் பற்றி இணையத்தில் வரும் செய்திகளில் ‘போலியானது, பொய்யானது, தவறான எண்ணம் தருவது’ எது என்பதை அரசே அமைக்கும் குழு ஒன்று முடிவு செய்யும் என்றது. தன் வழக்குக்குத் தானே நடுவராக அமர்வது எந்த மரபிலும் அறமன்று. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கியது. அச்சொற்கள் மயக்கம் தருவன என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று.

ஒருவர் பேச்சைத் தடுப்பது ஒருபுறமிருக்க, ஓர் ஊரின் பேச்சையே நிறுத்தும் அதிகாரமும் அரசிடம் உண்டு. தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் மாண்டதை அடுத்து, தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. காயல்பட்டினமும் மேலப்பாளையமும் தக்கலையும் அம்மாவட்டங்களில் உள்ள ஊர்கள்தாம். பிழைப்புக்காகக் கடல்கடந்த தந்தையரோடும் கணவரோடும் இணையத்தின் வழியே பேசிப் பழகிய குடும்பங்களுக்கு அந்நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேக இணையம் எங்கும் மீண்டது 2021 பிப்ரவரியில். காலவரையின்றி இணையத்தை முடக்குவது செல்லாது என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறிய பின்னும் ஓராண்டுக்கு மேல் மக்கள் காத்திருந்தனர்.

இலங்கை தரும் பாடம்

மொழியாலும் மார்க்கத்தாலும் நமக்கு உறவினரான இலங்கை முஸ்லிம்களின் அனுபவம் இவ்வாராய்ச்சிக்கு மிக நெருங்கியது. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையைத் தழுவி இலங்கை 2007-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. பகைமையையும் வன்முறையையும் தூண்டும் இன, மத வெறுப்புப் பேச்சைத் தடுப்பது அதன் மூன்றாம் பிரிவு. சிறுபான்மையோர்க்குக் கேடயமாகவே அது கருதப்பட்டது.

நடந்ததென்ன? 2019 ஏப்ரலில், சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ஃபேஸ்புக்கில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக இச்சட்டத்தின்கீழ் கைதாகி, நான்கு மாதம் சிறையிருந்தார். அதே ஆண்டு மே மாதம், ஆடையில் தர்மச்சக்கரம் அச்சிட்டிருந்ததாகக் குற்றஞ்சாட்டி ஒரு முஸ்லிம் பெண்மணியைக் கைது செய்தனர். அவர் உடுத்திருந்த துணியில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். மரக்கலம் செலுத்திய மரபினர் நாம். சுக்கானை அறியாதார் நம்முள் இலர். அறியாதார் கையில் அகன்ற சட்டம் இருந்ததால் அப்பெண்மணி ஏறத்தாழ மூன்று வாரம் சிறையிருந்தார்.

2020 ஏப்ரலில் நிகழ்ந்ததோ ஒரு சொல்லின் சோக வரலாறு. கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பரவிய அவதூறுகளைக் கண்டு, ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஒருவர், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு ‘கருத்தியல் ஜிஹாத்’ செய்வோம் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். ‘ஜிஹாத்’ என்னும் சொல்லுக்கு முயற்சி என்பது முதற்பொருள் என்பதும், பேனா என்ற சொல் அருகிலேயே நின்று பொருளை வரையறுத்தது என்பதும் கைது செய்தவர் கண்ணுக்குப் படவில்லை. நம் உரையாசிரியர்கள் சொல்லின் பொருளை அதன் இடமும் சார்பும் கண்டே துணிவர். இங்கோ சொல்லைத் தொடரிலிருந்து பிடுங்கி எடுத்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர். அவர் ஐந்து மாதத்துக்கு மேல் சிறையிருந்தார். 2023 நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது.

அதே 2020 மே மாதம், ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூலை எழுதிய இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் கைதானார். அவர்மேல் பாய்ந்தது பயங்கரவாதத் தடைச்சட்டம், இணையச் சட்டமன்று. எனினும் கவிதையைக் காவல்துறை உரையாசிரியர்கள் படிக்கத் தொடங்கினால் என்னாகும் என்பதற்கு அது சான்று. அவர் பிணையில் வந்தது 2021 டிசம்பரில். குற்றமற்றவர் என்று விடுதலையானது 2023 டிசம்பரில்.

இத்தனைக்கும் பிறகு, 2024 ஜனவரி 24-ஆம் நாள் இலங்கை நாடாளுமன்றம் 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் விழ, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணையம் ஒன்று, எக்கூற்று தடைசெய்யப்பட்டது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைப் பெற்றது. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, மத உணர்வைப் புண்படுத்தல் என்னும் பழைய சொற்களே அதிலும் வரிசையாக நின்றன. சுக்கானைச் சக்கரமென்று படித்த நாட்டில், உண்மை எது பொய் எது என்று படிக்கும் பொறுப்பு ஐவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஓர் எதிர்வாதம்

இங்கே நம் இல்லங்களிலிருந்தே ஒரு கேள்வி எழும் என்பதை அறிவோம். ‘நம் பெண்களையும் நம் சமூகத்தையும் இணையத்தில் இழிவுபடுத்துவோரைத் தண்டிக்க வேண்டாவா? அதற்குக் கடுமையான சட்டம் வேண்டாவா?’ நியாயமான கேள்வி. 2021 ஜூலையில் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி அவர்களை ‘ஏலம்’ விடுவதாகக் காட்டிய செயலி ஒன்று வெளிவந்தது. 2022-இன் முதல் நாளில் அதே வகையில் இன்னொன்று வந்தது. அக்கொடுமையை எழுதவும் கை கூசுகிறது.

ஆனால் அங்கே குறைவுபட்டது எது என்று எண்ணிப் பாருங்கள். பெண்ணின் மானத்துக்கு இழுக்குச் செய்தல், சமூகங்களிடையே பகை மூட்டல் ஆகியவற்றுக்கு அன்றைய தண்டனைச் சட்டத்திலேயே தெளிவான பிரிவுகள் இருந்தன. முதற் செயலி பற்றி வழக்கும் பதிவாயிற்று. கைதுகளோ, இரண்டாவது செயலி வந்து நாடே குமுறிய பின், 2022 ஜனவரியில்தான் நிகழ்ந்தன. ஆறு மாத காலம் உறங்கியது காவல்துறையே அன்றிச் சட்டமன்று. இலங்கையிலும் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வன்முறைக்கான அழைப்புகள் ஃபேஸ்புக்கில் பரவின. தன் தளம் அவ்வாறு பயன்பட்டதற்கு அந்நிறுவனம் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் ஏட்டில் இருந்தது; எரிந்த வீடுகளை அது காக்கவில்லை. மறு ஆண்டே சுக்கான் படம் போட்ட ஆடையை அது கண்டுபிடித்தது.

ஆகவே, சிறுபான்மையோரும் எளியோரும் அகன்ற சட்டத்தைத் தமக்குக் கேடயமென்று கருதி வரவேற்பது பேதைமை. அதைத் தூக்கும் கை நம்முடையதன்று. நம்மைப் பிறர் இழித்து எழுதும்போது 66-ஏ போன்றதொரு பிரிவைத் தேடி ஓடியோர் நம்மிலும் உளர். அவர்கள் கூர்மையாக்கிய கத்தி நாளை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பால்கர் பெண்ணும், இலங்கைக் கவிஞரும் காட்டிவிட்டனர். எளியோர்க்கு வேண்டுவது குறுகிய சொல்லால் ஆன சட்டமும், அதை விரைந்து ஓரவஞ்சனையின்றி நடத்தும் காவல்துறையும் ஆகும்.

முடிவுரை

இனி வரும் இணையப் பாதுகாப்புச் சட்டம் எதுவாயினும், அதை நாம் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். தடுக்கப்படும் தீங்கு எது, அத்தீங்குக்கு ஆளானவர் யார் என்பதைச் சட்டம் பெயர் சொல்லிக் காட்டுகிறதா? செய்தவனின் நோக்கத்தை அது கேட்கிறதா? கேலி, கதை, கவிதை, கருத்து வேற்றுமை ஆகியவற்றைத் தூண்டுதலிலிருந்து பிரிக்கிறதா? பதிவை நீக்கும் ஆணையை இடுவது சுதந்திரமான நீதிமன்றமா, அல்லது புண்பட்டதாகச் சொல்லும் அரசேயா? இந்நான்கிலும் தேறும் சட்டத்தை வரவேற்போம். தேறாததைத் துணிந்து மறுப்போம்.

இதற்கு முதலில் படிக்க வேண்டும். விதிகளின் முன்வரைவுகளை அரசு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன; குறித்த நாளுக்குள் கருத்துச் சொல்வோரில் நம்மவர் மிகச் சிலரே. நம் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும், நம் சமூகத்து வழக்கறிஞர்களும் கைகோத்து, அத்தகைய முன்வரைவு வெளிவந்த கிழமையிலேயே அதைத் தமிழாக்கி, சொல்லுக்குச் சொல் குறிப்பு எழுதி, ஊர்தோறும் உள்ள படிப்பகங்களுக்கு அனுப்பினால் எவ்வளவு நன்மை விளையும்! சீறாவுக்கும் ஞானப் பாடல்களுக்கும் உரைகண்ட புலமை நம்மிடம் குன்றிவிடவில்லை. அப்புலமையின் ஒரு பகுதியை நாட்டின் சட்டங்களுக்கும் செலவிடுவோமாக. அடிக்குறிப்பு வரை படிக்கும் வாசகர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால், செல்லாத பிரிவைக் காட்டி எந்தக் காவலரும் நம் வாசற்கதவைத் தட்டத் துணியார்.